வல்லத்து ஜிபிஎஸ் காட்டுவது எந்த வேகம்?

மண்டபம் பிளஸ் ஒன்:
பாம்பன் பக்கம் ஒரு வல்லம் (நாட்டுப் படகு). அசையாத நீரில் அதன் வேகம் மணிக்கு 10 கி.மீ., நீரோட்டம் மணிக்கு 2 கி.மீ. ஓட்டத்தோடு 6 கி.மீ. போய் அதே வழியில் திரும்புகிறது. போகும்போது 12, வரும்போது 8, ஆக சராசரி 10 என்று போட்டேன். விடை 9.6 என்கிறார்கள், சராசரி திசைவேகம் சுழியாம். எப்படி? ஜிபிஎஸ் இதில் எதைக் காட்டும்?

தங்கச்சிமடம் இயற்பியல்:
12-ஐயும் 8-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்ததுதான் பிழை தம்பி. இரண்டு வேகத்திலும் ஒரே நேரம் ஓடியிருந்தால் சரி. இங்கே சமமாக இருப்பது தொலைவு. போக 30 நிமிடம், வர 45 நிமிடம். மெதுவான பயணம் அதிக நேரத்தைப் பிடிப்பதால் சராசரி 8-இன் பக்கம் சாய்கிறது. 12 கி.மீ.-ஐ 1.25 மணியால் வகுத்தால் 9.6. இது சராசரி வேகம். சராசரி திசைவேகத்துக்குத் தொலைவை எடுக்கக் கூடாது, இடப்பெயர்ச்சியை எடுக்க வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே வந்தாயிற்று, அதனால் சுழி.

பாம்பன் கடலோடி:
ஜிபிஎஸ் காட்டுவது தரையைப் பொறுத்து அந்தக் கணத்து வேகம், பெரும்பாலும் நாட் (knot) என்ற அலகில். 1 நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ. போகும்போது சுமார் 6.5, வரும்போது 4.3 காட்டும், இன்ஜின் ஒரே சீராக ஓடினாலும். நீரோடு மிதந்துபோகும் தெர்மாகோலைப் பொறுத்துப் பார்த்தால் இரண்டு முறையும் 10 கி.மீ.தான், அதுதான் சார்புத் திசைவேகம். திரையில் வேகத்தோடு வரும், போகும் திசையைச் சொல்லும் பாகையையும் சேர்த்துப் படித்தால்தான் அது திசைவேகம். நங்கூரம் போட்டு நிற்கும்போதும் 0.1, 0.2 என்று துள்ளும். அது இடங்கணிப்பில் வரும் சிறு பிழை, வல்லம் ஓடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மண்டபம் பிளஸ் ஒன்:
நீரோட்டம் குறுக்கே வந்தால்? அப்போதும் 12-தானா?

தங்கச்சிமடம் இயற்பியல்:
இல்லை. செங்கோணத்தில் வந்தால் 100-ஐயும் 4-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடு: 10.2. எதிரே 6 கி.மீ. கடக்க 36 நிமிடம். குறுக்கு ஓட்டம் அந்த நேரத்தை மாற்றாது. ஆனால் 1.2 கி.மீ. தள்ளிக் கரைசேரும். நேரே சேர வேண்டுமானால் அணியத்தை (வல்லத்தின் முன்பக்கத்தை) ஓட்டத்துக்கு எதிராகத் திருப்ப வேண்டும்: சைன் மதிப்பு 2/10, கோணம் 11.5 பாகை. அப்போது முன்னேறும் வேகம் 9.8, நேரம் முக்கால் நிமிடம் கூடும்.

இங்கே டேன் போடுவதுதான் பலர் செய்யும் தவறு. டேன் 2/10 தருவது, திருப்பாமல் விட்டால் வல்லம் விலகும் கோணம்: 11.3. இரண்டும் அருகருகே இருப்பதால் தவறு கண்ணில் படாது. நீரோட்டத்தை 6 என்று வைத்துப் போட்டுப் பார், சைனில் 36.9, டேனில் 31 வரும்.