மாவட்டக் கோட்டா படுவான்கரைக்கு வருகிறதா?

வாவிக்கரையான்:
மாவட்டக் கோட்டாவை எடுத்துவிட வேண்டும் என்று நேற்று எழுதியதற்குப் பலர் கோபப்பட்டீர்கள். காரணத்தைச் சொல்கிறேன். இலங்கைப் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பு முழுவதும் ஒரே கணக்கு. நகரத்தில் மூன்று ரியூசனுக்குப் போகிற பிள்ளையும், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வெல்லாவெளிப் பக்கம் இரசாயனவியலுக்கு ஆசிரியரே இல்லாமல் படித்த பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளிக்கு மோதுகிறார்கள். இடம் யாருக்குப் போகும்?

கல்முனைக்காரி:
அண்ணன், கோட்டாவை எடுத்தால் அந்த இடம் வெல்லாவெளிக்கு வராது, கொழும்புக்குத்தான் போகும். 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இடங்களை இழந்தார்கள். அந்தக் காயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு மருத்துவ பீடத்தின் கதவு திறந்ததும் அதனால்தான். என் மாமா அப்படிப் போனவர். மாவட்டத்துக்குள் கல்வி வலயவாரியாகப் பிரிக்கச் சொல்லுங்கள், சேர்ந்து கையெழுத்து வைக்கிறேன்.

படுவான்கரை ஆசிரியர்:
இருவரும் அனுமதி என்ற வாசலிலேயே நிற்கிறீர்கள்; உள்ளே போனபின் நடப்பதைப் பாருங்கள். என்னிடம் படித்த பிள்ளையொன்று விஞ்ஞான பீடத்துக்குப் போனது. விரிவுரைகள் ஆங்கிலத்தில். முதல் விடுமுறையில் கொப்பியைக் கொண்டுவந்து காட்டியது. இடப்பக்கம் ஆங்கிலச் சொற்கள், வலப்பக்கம் பென்சிலால் தமிழ் விளக்கம். பத்துப் பக்கம் தாண்டியதும் வலப்பக்கம் வெறுமை. உதவிப் பணமும் பிந்தியது. இரண்டாம் வருடத்துக்கு அந்தப் பிள்ளை திரும்பிப் போகவில்லை.

வின்சன்ட் டின்டோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1975இலேயே எழுதினார்: மாணவர் இடையில் விலகுவதற்குத் திறமைக் குறைவு மட்டும் காரணமில்லை, படிப்போடும் அங்குள்ள மனிதரோடும் ஒட்ட முடியாமற்போவதும் காரணம்.

வாவிக்கரையான்:
சேர், இது என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. குறைந்த புள்ளிக்கு எடுத்துவிட்டுக் கைவிடுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

படுவான்கரை ஆசிரியர்:
இல்லைத் தம்பி. உயர்தரத்தில் தமிழில் எழுதி இரசாயனவியலுக்கு ஏ எடுத்த பிள்ளை அது. பாடம் தெரியும், மொழிதான் தடுத்தது. விரிவுரை தொடங்குமுன் ஆறு மாதம், அந்தந்தப் பாடத்தின் ஆங்கிலத்தையே கற்பித்திருந்தால் இன்று இறுதி வருடத்தில் இருந்திருக்கும்.

கல்முனைக்காரி:
அந்த ஆறு மாதம் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் யார் கொடுப்பது, சேர்? உதவிப் பணம் அன்றே தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வகுப்புக்கும் நகரத்துப் பிள்ளைகள்தான் வருவார்கள்.

வாவிக்கரையான்:
கோட்டா இருக்கும்வரை வலயவாரிப் பிரிவுக்கு நான் உடன்படுகிறேன். ஆனால் ஐந்து வருடமாவது அந்த வலயத்துப் பாடசாலையில் படித்திருக்க வேண்டும். வெறும் விலாசத்தைப் பார்த்தால் நகரத்திலிருந்து பாதிப்பேர் படுவான்கரையிலுள்ள வவுணதீவுக்குப் பதிவை மாற்றிவிடுவார்கள். கோட்டாவையே எடுத்துவிட வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை.