விலை சொல்ல வாய் வருவதில்லை. என்னில்தான் பிழையா?

சிவப்பரிசி (களுவாஞ்சிகுடி) எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து, எல்லாரும் போல அரசாங்க உத்தியோக நியமனம் வரும் வரும் என்று இருந்து அலுத்துப்போய், 2020 ஊரடங்கு நேரத்தில் வீட்டில் சிவப்பரிசி மா வறுத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கத் தொடங்கினேன். இன்று வரைக்கும் நடக்கிறது. இரண்டு அக்காமார் என்னோடு வேலை செய்கிறார்கள். நெல் பச்சைப்பெருமாள் என்ற பழைய சிவப்பு நெல், வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் ஒரு குடும்பம் விதைக்கிறது, குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கிற மிதவை) ஏறி மண்டூருக்குப் போய் எடுத்து வருவேன். 2021இல் இரசாயனப் பசளையை நிறுத்தினார்களே, அந்தப் போகம் பக்கத்து வயல்கள் எல்லாம் விழுந்தபோது இவர்களுடையது பெரிதாகக் குறையவில்லை. ஆனால் நான் வாங்காவிட்டால் அடுத்த போகமே வெள்ளை நெல்லுக்கு மாறிவிடுவார்கள், ஏனென்றால் இந்த நெல் உயரமாக வளர்ந்து சாய்கிறது, விளைச்சலும் குறைவு. அந்த விதை அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஆனால் வீட்டுச் செலவு ஓடுவது மாவில் இல்லை. கொழும்பு புறக்கோட்டையில் உடுப்பு எடுத்து முகநூலில் விற்கிறேன், அதில்தான். மாவை முழுநேரமாகச் செய்ய வேண்டும் என்று மூன்று வருடமாக நினைக்கிறேன், செய்யவில்லை. காரணம் தேடினால் எல்லாம் எனக்குள்ளேதான் நிற்கிறது. "பட்டம் படித்த பிள்ளை மா வறுக்குது" என்று கோயிலடியில் சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது. கிலோ 400 என்று சொல்ல நினைத்து வாய் திறந்தால் 360 என்று வருகிறது, சொந்தக்காரர் என்றால் அதுவும் இல்லை. வடிவான லேபல் வரட்டும், வறுக்கிற மெஷின் வரட்டும் என்று தள்ளிப் போடுகிறேன். வளர்ந்த பிறகு 2022 பொருளாதார நெருக்கடி மாதிரி எல்லாம் ஒரேயடியாக விழுந்தால் இந்த இரண்டு அக்காமாருக்கும் என்ன பதில் சொல்வது என்ற பயம் வேறு.

இப்படி இருந்து வெளியே வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

தறிக்காரன் (மருதமுனை):

தங்கச்சி, முதலில் ஒன்று கேட்கிறேன், கணக்குக் கொப்பி வைத்திருக்கிறீங்களா? ஒரு கிலோவுக்கு என்ன செலவு என்று எழுதுங்கள், மற்றதை மறுகா கதைப்போம்.

---

சிவப்பரிசி:

ஓம் அண்ணன், இருக்கிறது. அரிசி 260, மில் கூலி 30, விறகு, காஸ் 20, பையும் ஸ்டிக்கரும் 20, அக்காமாரின் கூலி பிரித்தால் கிலோவுக்கு 20. மொத்தம் 350.

---

தறிக்காரன் (மருதமுனை):

உங்கட கூலி எங்கே?

விடிய ஐந்து மணிக்கு அரிசி வடிய விட்டு, மில்லில் நின்று, அடுப்படியில் கிண்டி, அரித்து, கட்டி, கொண்டுபோய்க் கொடுக்கிறது நீங்கள். அதற்கு ஒரு வரிகூட இல்லை. அக்காமாருக்குப் போட்ட 20ஐயும் திரும்பப் பாருங்கள், அது கூலி இல்லை தங்கச்சி, கைச்செலவு.

கோபிக்க வேண்டாம், நானும் இதே இடத்தில்தான் நின்றேன். 2004 சுனாமியில் வாப்பாவின் தறிகள் போய்விட்டன, மண்ணுக்குள் இருந்து மரச்சட்டங்களை இழுத்து எடுத்தோம். திரும்பத் தொடங்கியபோது ஊருக்கு வேலை கொடுக்க வேண்டும் என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது, அதனால் லாபம் என்ற சொல்லே எனக்குக் கூச்சம். சாரனை மில் துணி விலைக்குக் கொடுத்தேன், தெரிந்தவர்களுக்கு அதிலும் கழித்தேன். ஒரு நாள் நெய்கிற ஒரு பொம்பிளை, பிள்ளைக்கு ஸ்கூல் தொடங்குது, கூலியைக் கொஞ்சம் கூட்டித் தாங்க என்று கேட்டா. காசு இல்லை என்றேன். அன்று இரவு கொப்பியைப் புரட்டினால், அந்த மாதம் சொந்தக்காரருக்கும் கூட்டாளிமாருக்கும் கழித்துக் கொடுத்த தொகை அவ கேட்டதைவிடக் கூட. நான் தாராளமாக இருந்தது என் காசில் இல்லை, அவட காசில். அதற்குப் பிறகு விலை சொல்ல எனக்கு வாய் கூசவில்லை. மாமா ஒருவர் ஒரு வருடம் கதைக்கவில்லை, அது உண்மை.

நீங்கள் 40 ரூபா குறைக்கிற ஒவ்வொரு தடவையும் அது யாருடைய 40 என்று பாருங்கள்.

---

வாவிக்கரை (கல்லடி):

மகள், நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. நியமனத்தையும் மாவையும் ஏன் எதிரெதிராக வைக்கிறீங்கள்? போட்டிப் பரீட்சை வந்தால் எழுதுங்கள். கிடைத்தால் போங்கள், பின்னேரத்தில் செய்யலாம், அந்த அக்காமார் பொறுப்பெடுத்து நடத்தலாம். உத்தியோகம் பெரிசு என்று சொல்கிற சனம் யுத்தத்துக்குள் மாதச் சம்பளம் ஒன்றுதான் நிச்சயம் என்று கண்ட சனம், அவர்களைப் பிழை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கோயிலடியில் கதைத்தது யார் என்று தெரியும்தானே, ஒரு கிலோ மா காசுக்கு விற்றுப் பாருங்கள்.

---

சாகாமம் வீதி (அக்கரைப்பற்று):

தறிக்காரன் அண்ணன் சொன்னது சரி, ஆனால் ஒன்றில் நான் கொஞ்சம் மாறி நினைக்கிறேன். எல்லாவற்றையும் மனத்தடை என்று பெண்களின் தலையில் கட்டக் கூடாது. அக்கா கடன் எடுக்காமல் மெஷினுக்குக் காத்திருக்கிறா என்றால் அது பயந்த குணம் இல்லை. எங்கள் பக்கம் வாரக் கடன்காரர் கதவடியில் வந்து நின்றதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள், ஒரு கடனைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது. 2018இல் அரசாங்கமே வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு போட்டது என்றால் அதற்கு முதல் என்ன எடுத்திருப்பார்கள்? அந்தப் பயம் உங்களைக் காப்பாற்றுகிற பயம் அக்கா, வைத்திருங்கள்.

லேபலுக்குக் காத்திருப்பது மட்டும் வேற கதை. பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிந்துவிட்டு, பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள். மெஷின் இல்லாமலே இரண்டும் செய்யலாம். பெரும்போக அறுவடை நேரம் நெல் விலை இறங்கும், அப்போது சீட்டுக் காசு கையில் இருந்தால் இரண்டு மூடை கூட எடுத்து வையுங்கள். உடுப்பு வியாபாரத்தை இப்போதே விட வேண்டாம். மாவைத் தாங்குவது அதுதானே, அதில் குற்ற உணர்ச்சி என்ன?

---

சிவப்பரிசி:

இரண்டு நாள் பதில் போடவில்லை, மன்னிக்கவும். அண்ணன் கேட்ட அந்த ஒரு வரி என்னை அழ வைத்துவிட்டது, உண்மையாகவே.

நேற்று இரவு கொப்பியில் என் கூலிக்கு ஒரு வரி போட்டேன், அக்காமாரின் கூலியைக் கூட்டினேன். கிலோ 480 வந்தது. இன்று காலை சின்னம்மா இரண்டு கிலோ கேட்டு ஃபோன் எடுத்தா. 960 என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை, பிறகு "ஒரு கிலோ போதும்" என்றா. கை நடுங்கிக்கொண்டுதான் கட்டினேன், ஆனால் குறைக்கவில்லை.

ஆசிரியை அம்மா, பரீட்சைக்கு விண்ணப்பிக்கிறேன். மண்டூருக்கும் ஃபோன் எடுத்து இந்த முறை ஆறு மூடை வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்டார், "அப்ப விதை நெல்லு எடுத்து வைக்கட்டா?" என்று. வையுங்கோ என்றேன்.