சாயப்பட்டறை கெமிக்கல் லிஸ்ட் தர மாட்டேங்குது, என்ன பண்றது?

பர்ச்சேஸ்_திருப்பூர்:
இந்த சீசன்ல இருந்து பையர் இசட்.டி.எச்.சி. இன்செக் ரிப்போர்ட் கேக்கறாங்க (இசட்.டி.எச்.சி.ங்கறது ஆபத்தான கெமிக்கலைத் தவிர்க்கற அமைப்பு, இன்செக்ங்கறது பட்டறை வாங்கற கெமிக்கல் அவங்க விதிக்கு ஒத்துப்போகுதான்னு காட்டற ரிப்போர்ட்). நாங்க துணி கொடுக்கற ரெண்டு சாயப்பட்டறையும் "ரெசிபி வெளிய போயிரும்"னு லிஸ்ட் தர மறுக்கறாங்க. பிஓ-ல (பர்ச்சேஸ் ஆர்டர்ல) கண்டிஷனா போட்டுட்டா நடக்குமா?

சாயத்தொட்டி:
ரெசிபி வேற, ஸ்டாக் லிஸ்ட் வேறங்க. இன்செக்குக்கு வேண்டியது பொருளோட பேரு, தயாரிச்ச கம்பெனி, அந்த மாசம் எத்தனை கிலோங்கறதுதான். எந்த ஷேடுக்கு எத்தனை சதவீதம்னு யாரும் கேக்கல. முதலாளிகிட்ட நேர்ல உக்காந்து இதைக் காட்டுங்க.

பெரிய கம்பெனி சாயத்துல சிக்கல் கம்மி. மாட்டறது வெட்டிங் ஆயில், சோப்பு, சாஃப்டனர். லேபிள் இல்லாத நீலப் பேரல்ல சில்லறையா வரும், ஏ.பி.இ.ஓ.ங்கற தடை செஞ்ச சோப்புக் கெமிக்கல் அதுலதான் ஒளிஞ்சிருக்கும். பில்லுல இருக்கற பேரு கேட்வேல, அதாவது இசட்.டி.எச்.சி.யோட ஆன்லைன் கெமிக்கல் பட்டியல்ல, அப்படியே இருக்கணும். வியாபாரி தன் பேரு ஒட்டி வித்த சரக்கு மேட்ச் ஆகாது. ஸ்டோர் ரூமுக்குள்ள போய் பேரல் பேரலா போட்டோ எடுங்க, அப்புறம் பேப்பர் பாக்கலாம்.

லாட்_கணக்கு:
உங்க பிஓ-ல லாட் எத்தனை கிலோன்னும் ஒருக்கா பாருங்க. 300 கிலோ சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷின், 1:6-ன்னா (துணி கிலோவுக்கு 6 லிட்டர் தண்ணி) 1,800 லிட்டர். லிட்டருக்கு 70 கிராம் உப்புன்னா 126 கிலோ. துணி கிலோவுக்கு 420 கிராம். அதே மெஷின்ல 150 கிலோ லாட் போட்டா தண்ணி பாதியா குறையாது. 1,500 லிட்டர் நின்னா உப்பு 105 கிலோ, துணி கிலோவுக்கு 700 கிராம்! 2011-ல ஐகோர்ட் பட்டறைகளை மூடச் சொன்னதுக்கப்புறம் அந்த உப்புத்தண்ணி ஆத்துக்குப் போக முடியாது, ஆர்.ஓ. தாண்டி எவாப்பரேட்டர்ல கொதிக்கணும், அதுக்கு நீராவி. ஒரே ஷேட் ஸ்டைல்களைச் சேர்த்து ஃபுல் லோடா கொடுங்க. எந்த சர்டிஃபிகேட்டும் இதைச் செஞ்சு தராது.

நூல்கண்டு:
நல்ல சாஃப்டனர் விலை கூட. கிலோ ரேட்டை ஏத்தாம, பணத்தையும் 90 நாள் இழுத்தா பட்டறைக்காரர் பேரல் கடைக்கே திரும்புவார். பதிவு பண்ணின குறு, சிறு யூனிட்டுக்கு 45 நாளுக்குள்ள தரணும்னு 2006 சட்டமே இருக்கு. ரேட்டுல கெமிக்கல் வித்தியாசத்தைத் தனி வரியா போடுங்க. இல்லாட்டி கண்டிஷன் வெறும் காகிதம்.

பர்ச்சேஸ்_திருப்பூர்:
நன்றிங்க. கெமிக்கல் மாத்தினா லேப் டிப் (பையருக்குக் காட்டற சாய சாம்பிள் துண்டு) மறுபடி அப்ரூவல் வாங்கணுமா?

சாயத்தொட்டி:
சோப்புக்கு பெரும்பாலும் தேவைப்படாது. சாஃப்டனருக்கு வேணும், டோன் நகரும். வெள்ளையும் வெளிர் ஷேடும் மஞ்சளடிக்கும். ஒரு ரோல் ஃபினிஷ் பண்ணி, காம்பாக்டிங் (துணி சுருங்காம இருக்க சூட்டுல அழுத்தறது) சூட்டுக்கப்புறம் பழைய துண்டோட வச்சுப் பாருங்க.