தீவில் குடியேறினால் 84,000 யூரோ தருகிறார்களா? சிறு தீவுகள் எதனால் நிலைக்கின்றன?

நெய்தல்வாசன், டப்ளின்

அனைவருக்கும் வணக்கம். அயர்லாந்தின் தீவுகளில் குடியேறுவோருக்கு அரசு 84,000 யூரோ தருகிறது என்ற செய்தியை ஊரிலிருந்து மூன்று உறவினர்கள் தனித்தனியே எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். நானும் மனைவியும் எட்டு ஆண்டுகளாக டப்ளினில் வசிக்கிறோம். எனக்கு மென்பொருள் துறையில் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். மனைவி செவிலியர். எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். சென்ற கோடையில் அரன் தீவுகளில் மிகச் சிறியதான இனிஷீருக்குப் போய் நான்கு நாள் தங்கினோம். அங்கேயே போய் வாழ்ந்தால் என்ன என்ற எண்ணம் அன்று முதல் எங்கள் இருவரையும் விடவில்லை.

என் கேள்வி பணத்தோடு முடிந்துவிடுவதில்லை. சில நூறு பேர் மட்டுமே வாழும் ஒரு தீவில், படிக்கப்போகும் இளையோர் திரும்பாமலே இருந்துவிடுகிறார்கள். அந்த இடத்தை வெளியாருக்கு ஊக்கத்தொகை கொடுத்து நிரப்ப முடியுமா? ஐரோப்பாவில் எந்தச் சிறு தீவாவது இந்தச் சரிவிலிருந்து மீண்டிருக்கிறதா? மீண்டிருந்தால் அதை மீட்டது எது? அறிந்தவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

சுந்தரி, கால்வே

முதலில் அந்த 84,000 யூரோவைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இச்செய்தியை அப்படியே நம்பி வேலையை விடத் துணிந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். குடியேறுவதற்கென்று அரசு யாருக்கும் ஒரு சென்ட் கூடத் தருவதில்லை. பூட்டிக்கிடக்கும் வீடுகளைப் புதுப்பிக்க நாடு முழுவதும் நடப்பிலுள்ள மானியம் அது. இரண்டு ஆண்டுகளாவது ஆளில்லாமல் கிடந்த வீட்டுக்கு 50,000 யூரோ வரையிலும், பாழடைந்து ஆபத்தான நிலையில் இருக்கும் வீட்டுக்கு 70,000 யூரோ வரையிலும் பெறலாம். கட்டுமானப் பொருளைப் படகேற்றிக் கொண்டுபோவதில் கூடும் செலவைக் கருதி, 2023 ஜூனில் வெளியான தேசியத் தீவுக் கொள்கை இவ்விரு தொகைகளையும் தீவுகளுக்கு மட்டும் 60,000 என்றும் 84,000 என்றும் உயர்த்தியது. வீட்டை வாங்கும் செலவு உங்களுடையது. பத்தாண்டுக்குள் விற்றுவிட்டுப் போனால் மானியத்தின் பெரும்பகுதியை, ஐந்தாண்டுக்குள் என்றால் முழுவதையுமே, திருப்பிக் கட்ட வேண்டும். விசாவுக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

இத்திட்டத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பாழாகும் கல்வீடுகளுக்கு இது தேவைதான். ஆனால் தீவுக்குள் போய் விசாரித்தால், காலியாகக் கிடக்கும் வீடுகள் பல விற்பனைக்கே இல்லை என்பது தெரியவரும். உரிமையாளரின் வாரிசுகள் பாஸ்டனிலும் லண்டனிலும் சிதறியிருப்பார்கள். யார் பெயரில் பத்திரம் இருக்கிறது என்பதே முடிவாகியிருக்காது. மீதமுள்ளவற்றில் ஒரு பகுதி கோடையில் மட்டும் பயணிகளுக்கு வாடகைக்குப் போகும். செப்டம்பரில் பள்ளிக்கு வரும் ஆசிரியர் தங்க இடமில்லாமல் அலைகிற அதே வாரத்தில் அந்த வீடுகள் பூட்டப்படுகின்றன.

இன்னொன்றையும் நீங்கள் அவசியம் எண்ணிப் பார்க்க வேண்டும். அரன் தீவுகள், டோரி, அரன்மோர், கேப் கிளியர் ஆகியவை ஐரிஷ் மொழி வாழும் பகுதிகள். அங்கே பள்ளிப் பாடம் ஐரிஷில்தான் நடக்கிறது. பதினைந்து பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆங்கிலம் மட்டும் பேசும் நான்கு பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தால், விளையாட்டு நேரத்தின் மொழி ஒரே ஆண்டில் மாறிவிடக்கூடும். தாய்மொழியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் படாதபாடு படும் நமக்கு இதன் வலி தெரியாததன்று. போவதற்கு முன்பே நீங்கள் இருவரும் ஐரிஷ் கற்கத் தொடங்கிவிட்டால், வீட்டுக் கதவுகள் மட்டுமல்ல, வேறு பல கதவுகளும் திறக்கும்.

உங்கள் வேலை ஒரு தடையாக இராது. டோனகால் கரைக்கு அப்பாலுள்ள அரன்மோர் தீவு 2019-இல் இணையவழி வேலைக்கான பொது அலுவலகம் ஒன்றைத் திறந்து, எங்கள் தீவுக்கு வந்து வாழுங்கள் என்று அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் திறந்த மடல் எழுதியது. உங்களைவிட உங்கள் மனைவியின் தொழிலுக்குத்தான் அங்கே மதிப்பு கூடுதலாக இருக்கும். அயர்லாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பெரிய பிளாஸ்கெட் தீவின் முடிவு தொடங்கியது மருத்துவர் இல்லாமையால்தான். 1946 கிறிஸ்துமஸ் சமயத்தில் இளைஞர் ஒருவர் நோயுற்றபோது, கடல் கொந்தளிப்பால் எந்த உதவியும் வர இயலாமல் இறந்துபோனார். அதன் பிறகு அத்தீவில் நம்பிக்கை மிஞ்சவில்லை. 1953 நவம்பரில், எஞ்சியிருந்தவர்களை அரசே கரைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தியது.

இளங்கோ, இன்வர்னஸ்

நீங்கள் கேட்ட கேள்வியை ஸ்காட்லாந்து அரசு தன் தீவு மக்களிடமே நேரடியாகக் கேட்டிருக்கிறது. தீவுகளில் குடியேறவோ தொடர்ந்து தங்கவோ விரும்பும் குடும்பங்களுக்கு 50,000 பவுண்டு வரை தரும் திட்டமொன்றை 2021-இல் முன்வைத்தார்கள். நூறு குடும்பங்களுக்கு 50 இலட்சம் பவுண்டு. கருத்துக் கேட்டபோது தீவு மக்கள் பலர் அதை ஏற்கவில்லை; அந்தப் பணத்தில் வீடு கட்டுங்கள், படகை ஒழுங்காக ஓட்டுங்கள் என்றார்கள். 2022-இல் திட்டம் கைவிடப்பட்டது. தீவில் பிறந்து, மணமாகியும் பெற்றோர் வீட்டில் ஓர் அறையில் தங்கியிருப்பவரைக் கடந்து, வெளியூர்க்காரருக்குப் பணம் போவதை அவர்கள் எப்படி ஒப்புவார்கள்?

மீண்ட தீவு எது என்று கேட்டிருந்தீர்கள். நான் இரண்டு முறை போய்வந்த எக் தீவைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், ஏறத்தாழ 31 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு அது. நூற்றாண்டுகளாக முழுத் தீவும் ஒரே தனியாரின் சொத்தாக இருந்து, ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் விற்கப்பட்டு வந்தது. குடியிருப்போரில் பெரும்பாலோருக்கு உறுதியான குத்தகைப் பத்திரம் கூடக் கிடையாது. நாளை யார் முதலாளி என்று தெரியாத நிலத்தில் எவரும் ஒரு தொழுவம் கட்டத் துணிய மாட்டார். வங்கியும் கடன் கொடுக்காது. மக்கள் பல ஆண்டுகள் போராடி, நன்கொடை திரட்டி, 1997 ஜூன் 12 அன்று ஏறத்தாழ 15 இலட்சம் பவுண்டுக்குத் தீவைத் தங்கள் அறக்கட்டளையின் பெயரில் வாங்கினார்கள். அதில் தீவுவாசிகளோடு ஹைலேண்ட் மாவட்ட மன்றமும் ஸ்காட்லாந்துக் கானுயிர் அறக்கட்டளையும் பங்கு கொண்டன. அப்போது அறுபத்தைந்து பேர் அளவில் இருந்த மக்கள்தொகை இன்று நூறைத் தாண்டிவிட்டது. பிறந்து வளர்ந்து வெளியே போனவர்களில் சிலர் திரும்பி வந்து வீடு கட்டியிருக்கிறார்கள்.

மின்சாரக் கதையும் அதோடு சேர்ந்ததுதான். 2008 பிப்ரவரி வரை பெரும்பாலான வீடுகள் தங்களுக்கென ஒரு டீசல் இயந்திரம் வைத்திருந்தன. இன்று நீர், காற்று, வெயில் மூன்றையும் இணைத்த சொந்த மின்வலை இயங்குகிறது. டீசல் அவசரத்துக்கு மட்டும். இதில் என்னை மிகவும் கவர்ந்தது அவர்கள் தங்களுக்கே விதித்துக்கொண்ட வரம்பு. எந்த வீடும் ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. கடை, உணவகம் போன்றவற்றுக்கு 10 கிலோவாட். மீறினால் இணைப்பு துண்டிக்கப்படும். நான் தங்கியிருந்த வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடும்போது அடுப்பைப் பற்றவைக்க மாட்டார்கள். வெளியிலிருந்து ஒரு நிறுவனம் இவ்வரம்பை விதித்திருந்தால் மக்கள் சபித்திருப்பார்கள். கூடிப் பேசித் தாங்களே முடிவெடுத்ததால் அது ஊர் வழக்கமாகிவிட்டது.

எல்லா இடத்திலும் இப்படி நேர்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கீயா தீவு மக்கள் 2002-இல் 40 இலட்சம் பவுண்டுக்குத் தங்கள் தீவை வாங்கிச் சொந்தக் காற்றாலைகளையும் நிறுவினார்கள். ஆனால் பல ஆண்டுகளாகக் கவனிப்பாரற்றுக் கிடந்த வீடுகளைச் சீர்செய்யும் செலவு அவர்களைப் பெரும் கடனில் தள்ளியது. டென்மார்க்கின் சாம்சோ, 1997-இல் அந்நாட்டின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் தீவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பத்தே ஆண்டுகளில் தன் தேவைக்கு மேல் காற்றிலிருந்து மின்சாரம் எடுத்தது. நிலத்தில் பதினொன்று, கடலில் பத்து என நிறுவிய காற்றாலைகளில் உழவர்களும் ஊர் மக்களும் பங்கு வாங்கியிருக்கிறார்கள். உலகமே வந்து பார்க்கும் அத்தீவில் அன்றைக்கு இருந்ததைவிட இன்று மக்கள் குறைவு. மின்சாரத்தால் வருமானம் வரும். பள்ளியில் பிள்ளைகள் சேர்வது வேறு காரணங்களைப் பொறுத்தது.

வேலன், ஒஸ்லோ

இளங்கோ அவர்கள் எழுதியதை ஆர்வத்துடன் வாசித்தேன். வாழ்ந்து பார்த்தவன் என்ற முறையில் நானும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். எண்பதுகளின் பிற்பகுதியில் ஈழத்திலிருந்து நோர்வேக்கு வந்த எம்மவர்களில் பலர், வட கோடியிலுள்ள ஃபின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் இருந்தது வார்டோ என்ற தீவு நகரம். குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே எழாது. கொட் மீனைத் துண்டமாக்கும் மேசையில் எட்டு மணிநேரம் நின்றோம். நோர்வேக்காரர்கள் விட்டுப்போன வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டதால்தான் அந்தத் தொழிற்சாலை மேலும் சில ஆண்டுகள் ஓடியது என்று அங்குள்ள முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். தமிழ்ப் பிள்ளைகளால் வகுப்புகள் நிறைந்தன. பொங்கலுக்கு நகரசபை மண்டபத்தைத் தந்தார்கள்.

அப்படியிருந்தும் நாங்கள் தங்கவில்லை. வார்டோவுக்கு 1982-லேயே கடலடிச் சுரங்கப்பாதை வந்துவிட்டது. நோர்வேயில் அதுவே முதலாவது. 1990 முதல் ஃபின்மார்க்கில் வாழ்வோருக்கு வருமான வரிச் சலுகை உண்டு. படிப்புக் கடனிலும் ஆண்டுதோறும் ஒரு பகுதி தள்ளுபடி உண்டு. பாதையும் சலுகையும் இருந்தும் 1960களில் 4,000 பேருக்கு மேல் வாழ்ந்த ஊரில் இன்று அதில் பாதியளவே இருக்கிறார்கள். காரணம், எங்கள் கரைக்கு மீன் வராமல் போனது. கடலில் மீன் இருந்தது. அதைப் பிடிக்கும் உரிமை போய்விட்டது. 1990-இல் கொட் மீனுக்குப் படகுவாரியாக ஒதுக்கீடு வந்தபின், அவ்வுரிமை காலப்போக்கில் பெரிய படகுகளிடம் சேர்ந்தது. பிடித்த மீனை இந்தக் கரைக்குத் தர வேண்டும் என்ற கடமை இழுவைப் படகுகளுக்குச் சட்டத்தில் இருந்தது. நடைமுறையில் அது வலுவற்றுப்போய், உறைய வைத்த மீன் வேறு நாடுகளுக்குப் போய்த் துண்டமாகியது. எங்கள் தொழிற்சாலை மூடப்பட்டபோது எனக்கு இரண்டு பிள்ளைகள். நாங்கள் ஒஸ்லோவுக்கு வந்துவிட்டோம். எங்களுக்குப் பின்னால் ஒரு வகுப்பறை காலியானது என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

எனவே தம்பி, ஒரு தீவைப் பார்க்கும்போது, அதைச் சுற்றியுள்ள கடல் யாருடையது என்று விசாரியுங்கள்.

நெய்தல்வாசன், டப்ளின்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. வேலன் அண்ணாவின் மடலை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். இருவரும் நெடுநேரம் பேசாமல் இருந்தோம். எக் தீவைப் பற்றிப் படித்ததும் ஓர் ஐயம் எழுந்தது. நிலம் மக்கள் கைக்கு வந்தாலும் படகு அரசின் கையில்தானே இருக்கிறது? படகு ஓடாவிட்டால் என்ன செய்கிறார்கள்?

இளங்கோ, இன்வர்னஸ்

அதுதான் இங்கே இன்றைய பெரும் துயரம். அதே தூரத்தைச் சாலையில் கடக்கும் செலவுக்குச் சமமாகப் படகுக் கட்டணம் குறைக்கப்பட்டதைத் தீவுகள் வரவேற்றன. ஆனால் கோடையில் சுற்றுலா வண்டிகள் பெருகி, மருத்துவமனைக்குப் போகவேண்டிய ஊர்க்காரரின் காருக்கு இடம் கிடைக்காமல் போனது. புதிய கப்பல்களும் உரிய காலத்தில் வரவில்லை. 2015-இல் கட்டக் கொடுத்த கிளென் சானக்ஸ் கப்பல் முதல் பயணிகளை ஏற்றியது 2025 ஜனவரியில். சாம்சோவில் ஒரு கப்பல் சேவையை நகராட்சியே எடுத்து நடத்துகிறது. கால அட்டவணை தீவின் பள்ளி நேரத்தையும் வேலை நேரத்தையும் பார்த்து அமைகிறது. நான் இங்கேயும் கேட்பது அதைத்தான்.

சுந்தரி, கால்வே

நெய்தல்வாசன், ஒரே ஒரு வேண்டுகோள். கோடையில் பார்த்த தீவை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஜனவரியில் இரண்டு வாரம் வாடகைக்கு இடம் பிடித்துக் குடும்பத்தோடு போய்த் தங்குங்கள். எத்தனை நாள் படகு ரத்தாகிறது என்று எழுதி வையுங்கள். பள்ளித் தலைமையாசிரியரைச் சந்தித்து அடுத்த ஐந்தாண்டுக்கு எத்தனை பிள்ளைகளை எதிர்பார்க்கிறார் என்று கேளுங்கள். உங்கள் மனைவி சுகாதாரச் செவிலியரைச் சந்திக்கட்டும். தீவுக் கூட்டுறவுச் சங்கத்திடம் நீண்டகால வாடகை வீடு பற்றி விசாரியுங்கள், வாங்குவதைப் பிறகு பார்க்கலாம். கால்வேயில் சனிக்கிழமைதோறும் நடக்கும் ஐரிஷ் தொடக்க வகுப்பில் நானும் படிக்கிறேன். விரும்பினால் உங்களுக்கு அதன் விவரங்களை அனுப்புகிறேன்.