வீடு அசையவில்லை, ஊர்ப்பெயர் மட்டும் மாறியது: சுவான்ஜோ அனுபவங்கள்

திருப்பூர்க்காரன்:

சீனாவில் ஃபூஜியான் மாகாணத்துக்குப் போய்வந்தவர்கள் இங்கே நான்கைந்து பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். சுவான்ஜோ பற்றி உங்கள் அனுபவங்களைக் கேட்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். (நான் சொல்வது சுவான்ஜோ. கண்காட்சிக்கு எல்லோரும் போகும் குவாங்ஜோ வேறு, அது தெற்கே குவாங்டோங் மாகாணத்தில் இருக்கிறது.)

பின்னலாடைக்கு ஜிப் வாங்குவதற்காக அந்தப் பக்கம் போய்வருகிறேன். ஆரம்பத்தில் ஒரு மாதிரிப் பொதியை இங்கிருந்து அனுப்ப வேண்டியிருந்தது. அவர்கள் கொடுத்த முகவரியில் "சுவான்ஜோ ஷி, ஜின்ஜியாங் ஷி" என்று இருந்தது. ஷி என்றால் நகரம். ஒரே முகவரியில் எப்படி இரண்டு நகரம் வரும்? தட்டச்சுப் பிழை என்று நினைத்து ஜின்ஜியாங்கை எடுத்துவிட்டு அனுப்பினேன். பொதி பழைய நகரத்துக்குப் போய் அங்கேயே பன்னிரண்டு நாள் கிடந்தது. தப்பு என்னுடையதுதான். ஆனால் அந்த இரண்டு ஷிக்குப் பின்னால் என்ன கதை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

2018இல் போனபோதுதான் தெரிந்தது. எனக்கு மொழிபெயர்த்த பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் தாத்தா வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பழைய நகரத்தில், கையுவான் கோயில் இருக்கும் மேற்குத் தெருவிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் வீடு. சிவப்புச் செங்கல் சுவர், இரண்டு முனையும் தூக்கலாக வளைந்த கூரை. தாத்தா சின்னக் கிண்ணங்களில் ஆன்சி ஊர்த் தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். கிண்ணம் காலியாக விடவே இல்லை. "உங்களுக்குப் பூர்வீகமே சுவான்ஜோ தானா?" என்று கேட்டேன். அவர் பேத்தியிடம் நீளமாகப் பேசினார். அவள் சொன்னது இது.

அவர் 1941இல் அதே வீட்டில் பிறந்தவர். பிறந்தபோது அது ஜின்ஜியாங் சியன். சியன் என்றால் நம் வட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைவிடப் பெரியது. அவருக்குப் பத்து வயதானபோது, 1951இல், கோட்டைக்குள் இருந்த நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் ஜின்ஜியாங்கிலிருந்து பிரித்து சுவான்ஜோ ஷி ஆக்கினார்கள். ஜின்ஜியாங்கின் அலுவலகம் தெற்கே சிங்யாங்குக்குப் போய்விட்டது. ஆனாலும் மேலே இருந்த பெரிய நிர்வாகப் பகுதிக்குப் பல ஆண்டுகள் ஜின்ஜியாங் என்றுதான் பெயர். அதாவது ஜின்ஜியாங்குக்குள் சுவான்ஜோ.

1985இல் ஆணை வந்தது, 1986இல் நடைமுறையானது. எல்லாம் தலைகீழ். பெரிய பகுதி முழுவதும் சுவான்ஜோ ஷி ஆனது, ஜின்ஜியாங் அதற்குள் ஒரு பகுதியானது. பழைய நகரம் லிச்செங் என்ற பெயரில் உள்மண்டலமாகச் சுருங்கியது. லிச்செங் என்றால் கெண்டைமீன் நகரம். பழைய கோட்டைச் சுவரின் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயராம். 1992இல் ஜின்ஜியாங்கும் ஷி ஆக உயர்ந்தது. இப்படித்தான் என் பொதியின் மேல் இரண்டு ஷி வந்து நின்றன.

தாத்தாவின் பள்ளித் தோழர் வீடு கிழக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. 1997இல் லிச்செங்கை மூன்றாகப் பிரித்தபோது அவர் வீடு ஃபெங்சே மண்டலத்துக்குப் போய்விட்டது. "எனக்கு மூன்று ஊர், அவனுக்கு நான்கு ஊர், இரண்டு பேரும் வீட்டை விட்டு நகரவே இல்லை" என்றார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. ஏதோ ஒரு படிவத்தில் பிறந்த ஊர் ஜின்ஜியாங் என்று எழுதப்போய், "அந்த ஊர் ஆற்றுக்குத் தெற்கே அல்லவா இருக்கிறது?" என்று சின்ன வயது எழுத்தர் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

தோபாயோ அக்கா:

தம்பி, நீங்கள் சொன்னதைப் படித்ததும் எனக்கு என் பக்கத்து வீட்டு அம்மாதான் நினைவுக்கு வந்தார். சிங்கப்பூரில் முப்பது வருஷமாக அண்டை வீடு. ஹொக்கியன்காரர், அதாவது ஃபூஜியான் பூர்வீகம், அந்தப் பக்கத்து மொழி பேசுபவர். எந்த ஊர் என்று கேட்டால் "சின் காங்" என்பார். ஜின்ஜியாங்கைத்தான் ஹொக்கியனில் அப்படிச் சொல்கிறார்கள் என்பதே எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். இங்கே சின் காங் ஹுவே குவான் என்று ஊர்ச்சங்கம் இருக்கிறது. அதே பகுதியின் மற்ற சியன்களான நான்ஆன், ஆன்சிக்காரர்களுக்குத் தனித்தனிச் சங்கம். கப்பலேறி வந்தவர்கள் அன்றைக்குத் தங்கள் சியன் எதுவோ அந்தப் பெயரில் சங்கம் வைத்தார்கள்.

அவருடைய அப்பாவின் கல்லறை இங்கே புக்கிட் பிரவுன் என்ற பழைய சீன இடுகாட்டில் இருக்கிறது. முன்னோர் கல்லறைக்குப் போய்க் கும்பிடும் சிங்மிங் திருநாள் சமயம் ஒன்றில் காலை ஐந்தரைக்கே நானும் துணைக்குப் போனேன். வழியெல்லாம் பழைய கல்லறைகள். கல்லின் மேற்பகுதியில் பூர்வீக ஊரைப் பொறித்திருக்கிறார்கள். அவர் ஒவ்வொன்றாகக் காட்டிப் படித்தார். இது துங்ஆன், இது நான்ஆன், இது நம் சின் காங்.

அப்புறம் ஒருமுறை மகனோடு அப்பாவின் வீட்டைத் தேடிச் சீனாவுக்குப் போனார். ஜின்ஜியாங்கில் இறங்கி இரண்டு நாள் விசாரித்திருக்கிறார்கள், அப்படி ஒரு தெருவே இல்லை. கடைசியில் ஒரு வயதானவர்தான், "கோயிலுக்குப் பக்கத்தில் என்று உங்கள் அப்பா சொன்னாரா? அப்படியானால் ஆற்றைத் தாண்டிப் போங்கள், அது இப்போது லிச்செங்" என்று வழிகாட்டினாராம். அப்பா பொய் சொல்லவில்லை, கல்லறையில் இருப்பதும் பொய்யில்லை. அவர் கிளம்பிய காலத்தில் அது ஜின்ஜியாங்தான். திரும்பி வந்ததும் என்னிடம் இதையே நாலைந்து முறை சொன்னார், அப்பாவுக்காக வாதாடுவதுபோல.

சியாமென் மாணவி:

நான் அதே ஃபூஜியானில் இருக்கும் சியாமென் நகரத்தில் இரண்டு வருடம் படித்தேன். என் ஆய்வு கடல் வணிகம் பற்றியது என்பதால் சுவான்ஜோவுக்கு அடிக்கடி போவேன். அண்ணா சொன்னது 1951க்குப் பிறகு நடந்தது. இந்த இடமாற்றம் அந்த ஊருக்கு அதற்கும் ரொம்ப முன்பிருந்தே உண்டு.

சுவான்ஜோ என்ற பெயரே முதலில் அந்த ஊருடையது இல்லை. வடக்கே இருக்கும் இன்றைய மாகாணத் தலைநகர் ஃபூஜோதான் முன்பு சுவான்ஜோ. அப்போது இந்தப் பகுதிக்கு வுரோங்ஜோ என்று பெயர், தலைமையிடம் இன்றைய நான்ஆனில் இருக்கும் ஃபெங்ஜோ. 711இல் தாங் அரசு சுவான்ஜோ என்ற பெயரை வடக்கே இருந்து எடுத்து இதற்குக் கொடுத்தது. 718இல் நான்ஆனிலிருந்து ஒரு பகுதியை வெட்டி ஜின்ஜியாங் சியனை உருவாக்கினார்கள். நிர்வாகமும் ஆறு ஓடும் திசையில் கீழே, இப்போதைய இடத்துக்கு வந்தது. வடக்கே போர் மூண்டபோது ஜின் அரசின் மக்கள் தெற்கே ஓடிவந்து இந்த ஆற்றங்கரையில் குடியேறினார்கள், ஊர் நினைவில் ஆற்றுக்கு ஜின் ஆறு என்று பெயர் வைத்தார்கள் என்று அங்கே சொல்வார்கள். ஜின்ஜியாங் என்றால் அதுதான் பொருள்.

1087இல் சோங் அரசு இங்கே கடல் வணிக அலுவலகம் திறந்தது. பிறகு மங்கோலியர் காலத்தில் மாகாணத் தலைமையகமே சில ஆண்டுகள் இங்கே, சில ஆண்டுகள் ஃபூஜோவில் என்று மாறி மாறி இருந்திருக்கிறது. வெளிநாட்டு வணிகர்கள் இந்த எந்தப் பெயரையும் சொல்லவில்லை. அவர்களுக்கு இது ஜைத்தூன். மார்க்கோ போலோவும் இப்னு பதூதாவும் அப்படித்தான் எழுதினார்கள். பத்தாம் நூற்றாண்டில் கோட்டையை விரித்தபோது சுற்றிலும் நட்ட சித்தோங் மரத்திலிருந்து வந்த பெயர் அது. அந்த மரத்தை முதன்முதலில் பார்த்தபோது அப்படியே நின்றுவிட்டேன். நம் முள்முருங்கை! கல்யாண முருங்கை என்று பந்தக்காலுக்கு வெட்டுவோமே, அதே சிவப்புப் பூ. இன்றைக்கும் அதுதான் அந்த நகரத்தின் பூ.

கடல்வழி வரலாற்று அருங்காட்சியகத்தில் சிவன் கோயில் சிற்பங்கள் இருக்கின்றன. தூண், போதிகை, லிங்கத்தின் மேல் பூச்சொரியும் யானை. தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் அந்த ஊரில் கிடைத்திருக்கிறது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம். அதாவது 1281 ஏப்ரல். சம்பந்தப் பெருமாள் என்பவர் செகசை கானின் நலனுக்காக இறைவனை எழுந்தருளச் செய்ததாகச் சொல்கிறது, கீழே ஒரு வரி சீன எழுத்து. சோங் ஆட்சி போய் மங்கோலியர் கைக்கு நகரம் வந்து நான்கைந்து ஆண்டுகளே ஆகியிருந்த நேரம் அது. புதிய ஆட்சியாளரின் பெயரைச் சொல்லிக் கோயில் எழுப்ப வேண்டிய கட்டாயமோ நன்றியோ, அந்த வணிகருக்கு இருந்திருக்கிறது. எனக்கு அந்தக் கல்வெட்டு பக்தியாக மட்டும் தெரியவில்லை, ஒரு நிர்வாக ஆவணமாகவும் தெரிகிறது.

மங்கோலியரின் யுவான் ஆட்சி சரிந்த காலக் கலவரங்களில் கோயில் இல்லாமல் போனது. கற்கள் கோட்டைச் சுவருக்குள்ளும் வேறு கட்டடங்களுக்குள்ளும் போய்விட்டன. இருபதாம் நூற்றாண்டில் அந்தச் சுவரை இடித்தபோதுதான் பல சிற்பங்கள் திரும்ப வெளியே வந்தன. கெண்டைமீன் வடிவத்தில் நின்ற சுவருக்குள் நம் கோயில் கற்கள் இருந்திருக்கின்றன!

துங்ஆன் பற்றி அக்கா சொன்னார்களே, அதற்கும் ஒரு வரி. துங்ஆன் நூற்றாண்டுக்கணக்கில் சுவான்ஜோவைச் சேர்ந்த சியன். சியாமென் தீவே அதற்குள்தான் இருந்தது. இப்போது துங்ஆன் சியாமெனின் உள்மண்டலம். இடையில் 1970இல் ஜின்ஜியாங் பகுதிக்குப் போய் 1973இல் திரும்பி வந்தது. என் விடுதிப் பணியாளர் ஒருவர் துங்ஆன்காரர். அவர் பேச்சைக் கேட்டுவிட்டு சியாமென்காரர்கள் "நீங்கள் சுவான்ஜோ பக்கமா?" என்று கேட்பார்களாம்.

திருப்பூர்க்காரன்:

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிதியன் என்ற கிராமத்தில் ஒரு சிறு கோயிலில் நான்கு கைகளோடு உட்கார்ந்த கல் உருவம் ஒன்று இருக்கிறது. ஊர்மக்கள் குவான்யின் (பௌத்தக் கருணைத் தெய்வம்) என்று ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். பார்த்ததும் எனக்கு நம் ஊர் அம்மன்தான். அங்கே இருந்த ஒரு பாட்டியிடம் மொழிபெயர்ப்புப் பெண் மூலமாக, "இது எங்கள் நாட்டுச் சிற்பம்போல இருக்கிறது" என்றேன். அவர் என் கையைப் பிடித்து, மூன்று ஊதுவத்தியை என்னிடம் கொடுத்து, நீயும் ஏற்று என்று சைகை காட்டினார். ஏற்றினேன்.

சிதியன் ஆற்றுக்குத் தெற்கே, ஜின்ஜியாங்கில் இருக்கிறது. பழைய நகரத்துக்கு எதிர்க்கரைதான். ஆனால் இந்தக் கரை லிச்செங், அந்தக் கரை இன்னொரு ஷி.

புதிய வரவு:

அண்ணா, அடுத்த மாதம் நானும் முதல்முறையாக ஷிஷிக்குத் துணி மாதிரி அனுப்பப் போகிறேன். முகவரியை எப்படி எழுத வேண்டும்?

திருப்பூர்க்காரன்:

ஷிஷியும் 1987 வரை ஜின்ஜியாங்கில்தான் இருந்தது தம்பி, பிரிந்து தனி ஷி ஆகிவிட்டது. அதனால் அதில் ஜின்ஜியாங்கை எழுதிவிடாதீர்கள். பெரியதிலிருந்து சின்னதுக்கு வாருங்கள்: ஃபூஜியான் மாகாணம், சுவான்ஜோ ஷி, ஷிஷி ஷி, அப்புறம் தெரு, கதவு எண். இரண்டு ஷியும் இருக்கட்டும், ஒன்றையும் அடிக்காதீர்கள். கைப்பேசி எண்ணைப் பெரிதாக எழுதுங்கள்.

தோபாயோ அக்கா:

தம்பி, அந்தத் தாத்தா இப்போதும் இருக்கிறாரா? என் பக்கத்து வீட்டு அம்மா கேட்கிறார். அவர் அப்பாவின் வீடும் மேற்குத் தெருப் பக்கம்தானாம்.

திருப்பூர்க்காரன்:

இருக்கிறார் அக்கா. பேத்தியிடம் இன்றைக்கே கேட்கிறேன். அந்த அம்மாவின் குடும்பப் பெயரையும், சந்தின் பழைய பெயர் நினைவிருந்தால் அதையும் எனக்குத் தனியாக அனுப்பிவையுங்கள். புதிய பெயர் வேண்டாம், பழையதுதான் அவருக்குத் தெரியும்.