எவர்சில்வர் பாத்திரத்தில் நீல நிறம், அடியில் புள்ளி

கேள்வி:
புதுப் பாத்திரம், நல்ல அடிகனம். உள்ளே நீலமும் மஞ்சளுமாக வானவில் மாதிரி ஒரு நிறம் ஏறிவிட்டது. அடியில் ஊசி குத்தியதுபோல் புள்ளிகள் வேறு. கம்பி நாரால் தேய்த்தும் போகவில்லை. தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்:
அவசரப்படாதீர்கள். அந்த நிறம் அழுக்கே இல்லை. எஃகில் உள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே மெல்லிய ஆக்சைடு படலமாகப் படியும். துருவைத் தடுப்பதே அதுதான். சூடு அதிகமானால் படலம் தடித்து இப்படி வண்ணம் காட்டும். வினிகர் தொட்டுத் துடையுங்கள். போகாவிட்டாலும் தாராளமாகச் சமைக்கலாம்.

புள்ளிதான் கவனிக்க வேண்டியது. உப்பைப் பச்சைத் தண்ணீரிலேயே போடுகிறீர்களா? கரையாமல் அடியில் தங்கும் உப்பின் குளோரைடு, அந்த ஆக்சைடு படலத்தைத் துளைத்துவிடும். தண்ணீர் கொதித்த பிறகு போட்டுக் கிளறுங்கள். விழுந்த குழி மறையாது, ஆனால் ஆபத்தில்லை. அப்புறம், அந்தக் கம்பி நாரை முதலில் ஒழியுங்கள். அதன் துணுக்கு ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும், பழி பாத்திரத்துக்கு!

இன்னொரு பதில்:
ப்ளீச்சிலும் இதே தொல்லைதான். சிங்க், ஃபிரிட்ஜ் கதவு எதிலும் படவிடாதீர்கள். கதவைக் கோடு ஓடும் திசையில் துடைத்தால் கீறல் தெரியாது.

கேட்டவர்:
சரி, நாரை விட்டுவிடுகிறேன். எஃகின் ரகம் 304 என்று போட்டிருக்கிறது, ஆனால் அடியில் காந்தம் ஒட்டுகிறதே, ஏமாற்று வேலையா?

பதில்:
அப்படிச் சொல்லிவிட முடியாது. 304-ல் சுமார் 18% குரோமியம், 8% நிக்கல். காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. இண்டக்‌ஷன் அடுப்புக்காக அடியில் மட்டும் காந்தம் ஒட்டும் வேறு எஃகை வைப்பார்கள். மூன்றடுக்குப் பாத்திரமென்றால் வெளிச்சுவர் முழுக்கவே ஒட்டும்.