பழைய வண்டியில் பிளக் ஒயர் மாற்றிய அனுபவங்கள்

புல்லட் 350, திருச்சி

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் பழைய புல்லட் திக்கித் திக்கி ஓடினால் பழி முதலில் கார்புரேட்டர் மேல்தான் விழும். பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டைக் கழற்றி ஊதுவார்கள், பொறி விழும் நேரத்தில் கரண்டைத் துண்டிக்கும் பாயிண்டைத் தேய்ப்பார்கள், என்ஜினுக்குள் பொறி அடிக்கும் பிளக்கைப் புதிதாகப் போடுவார்கள். இவ்வளவும் செய்துவிட்டு, வோல்டேஜை உயர்த்தும் காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் அந்த ஒயரை மட்டும் துணியால் துடைத்து அப்படியே விட்டுவிடுவார்கள். பாயிண்ட் வைத்த பழைய வண்டி எது வந்தாலும் இப்போது நான் முதலில் பார்ப்பதே அந்த ஒயரையும் அதன் முனையில் பிளக்கின் தலையில் மாட்டும் கேப்பையும்தான். உங்கள் வண்டிகளில் நடந்ததையும் இங்கே எழுதுங்கள்.

அப்பா 1978ல் வாங்கிய வண்டி. 6 வோல்ட். வெயில் நாளில் அதன் மேல் ஒரு குறை சொல்ல முடியாது. பனி இறங்கும் மார்கழிக் காலையிலும் வண்டி கழுவிய அன்றைக்கும்தான் தகராறு. கிக்கர் அடித்தால் ஸ்டார்ட் ஆகிவிடும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் மிஸ் அடிக்கும், அதாவது பொறி விட்டுவிட்டு விழும். பார்த்தவர்கள் எல்லோரும் கண்டென்சர் (பாயிண்டில் பொறி தெறிக்காமல் பார்த்துக்கொள்ளும் சின்ன பாகம்) போய்விட்டது என்றார்கள். கண்டென்சர் போனதற்கு அடையாளமே வேறு. மூடியைத் திறந்து ஓடவிட்டால் பாயிண்டுகளுக்கு நடுவில் பளீரென்று பொறி தெறிக்கும், பாயிண்டின் முகம் கருகிக் குழி விழும். என் வண்டியில் பாயிண்ட் சுத்தமாக இருந்தது.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு வண்டியை ஓடவிட்டு, செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலால் ஒயர் மேல் லேசாகப் புகையடித்தேன். டேங்க் அடியில் ஒயர் ஃபிரேமை ஒட்டிப் போகும் இடத்தில் நீல நிறத்தில் நூல் நூலாகப் பொறி ஓடியது. பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் வழியிலேயே ஃபிரேமுக்கு லீக் ஆகிக்கொண்டிருந்தது. இதைச் செய்து பார்க்கிறவர்கள் ஒயரைக் கையால் தொடாதீர்கள், பெட்ரோல் கசிவு இருந்தால் செய்யவே செய்யாதீர்கள்.

டேங்க்கை இறக்கிப் பார்த்தபோது அந்த இடத்தில் ஒயரின் மேல்தோல் வெடித்து முடி போல் கோடுகள் விழுந்திருந்தன. முனையைச் சீவினால் உள்ளே தாமிர இழைகளில் பச்சைக் களிம்பு. என்ஜின் சூட்டிலேயே இத்தனை வருடம் கிடந்த ரப்பர் இறுகிப் போய், வளைத்தால் நொறுங்கியது.

புது ஒயர் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை என்று எங்கே கேட்டாலும் பிளக் ஒயர் தருவார்கள். ஆனால் சில கடைகளில் காருக்கு வருகிற கார்பன் ஒயரை எடுத்து நீட்டுவார்கள். வெட்டிய முனையைப் பாருங்கள். தாமிர இழைகள் மின்னினால் சரி, கருப்பு நூல் திரி தெரிந்தால் வேண்டாம். மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது: தாமிரம் கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்டும், கார்பன் ஆயிரக்கணக்கில் காட்டும். கார்பன் ஒயர் மட்டமானது என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஏற்ற வண்டிகள் இருக்கின்றன. நம் வண்டியின் கேப்புக்கு உள்ளே இருப்பது கூரான மரை. அது தாமிர இழைகளுக்குள் திருகி ஏறினால்தான் பிடிமானம். கார்பன் திரியில் அதைத் திருகினால் திரி கிழிந்து, கேப்புக்குள்ளேயே இடைவெளி விழுந்து, அங்கேயே பொறி அடித்துக் கருகும். கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் நடுரோட்டில் நிற்கும்.

தடிமன் 7 மில்லி மீட்டர். அழகுக்காகச் சிவப்பு நிற 8 மில்லி மீட்டர் சிலிகான் ஒயர் வாங்கினால் பழைய காயிலின் வாயிலும் நுழையாது, கேப்பிலும் நுழையாது. கேப் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தது போதும். அதோடு ரெசிஸ்டர் பிளக்கும் சேர்த்துப் போட வேண்டாம். 6 வோல்ட் வண்டிக்கு எல்லாத் தடையையும் ஒரே நேரத்தில் சுமத்தக் கூடாது. புது கேப்பையும் மாட்டுவதற்கு முன்னால் மீட்டரில் பாருங்கள். பெட்டியில் 5 என்று அச்சடித்திருந்தும் உள்ளே கரண்ட் போக வழியே இல்லாத கேப் எனக்குக் கிடைத்திருக்கிறது.

மாட்டும் முறை: பழையதைவிடக் கொஞ்சம் நீளமாக, முனையைச் சாய்க்காமல் நேராக வெட்டுங்கள். தோலைச் சீவ வேண்டாம். ஒயரை உள்ளே அழுத்திக்கொண்டே வலப்பக்கமாகத் திருகினால் மரை தானாக ஏறும். பிறகு இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. ரப்பர் மூடிக்குள் துளி சிலிகான் கிரீஸ். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து ஒயர் எங்கேயும் இழுபடவில்லை, சிலிண்டர் ஹெட்டின் பிளேடுகளைத் தொடவில்லை என்று பார்த்த பிறகே டேங்க்கை ஏற்றுங்கள். காயிலைக் கழற்றினால் அதன் இரண்டு சின்ன ஒயர்களும் எதில் எது இருந்தது என்று குறித்து வையுங்கள். மாற்றிப் போட்டாலும் வண்டி ஓடும். ஆனால் பொறி தலைகீழாகப் பாய்வதால் அதே பொறிக்கு அதிக வோல்டேஜ் வேண்டியிருக்கும். பலவீனமான 6 வோல்ட் பேட்டரியில் அது உடனே தெரியும்.

யமஹா ஆர்.டி. 350, கோவை

அண்ணா சொன்னது எல்லாம் சரி. எங்க வண்டிக்கு ஒரு சிக்கல் கூடுதல். ரெண்டு சிலிண்டர், ரெண்டு காயில், ரெண்டு செட் பாயிண்ட். அதனால ஒரு பக்கம் செத்தாலும் மறுபக்கம் வண்டியை இழுத்துட்டுப் போயிடும். "பிக்-அப் இல்ல, பிஸ்டன் தேஞ்சிருச்சு"ன்னு சிலிண்டரைக் கடையற போரிங் வரைக்கும் போன ஆளுங்களைப் பார்த்திருக்கேன். ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷத்துல சைலன்சர் குழாய் ரெண்டுலயும் சொட்டுத் தண்ணி விடுங்க. சுர்ருன்னு காயற பக்கம் ஓடுது, அப்படியே நிக்கற பக்கம் ஓடல.

செத்த பக்கம் தெரிஞ்ச உடனே எதையும் வாங்கக் கூடாது. மொதல்ல ரெண்டு பிளக்கையும் இடம் மாத்திப் போடணும். கோளாறு அங்கேயே இருந்தா அடுத்து ரெண்டு கேப்பையும் மாத்தணும். அதுலயும் தெரியலன்னா, பாயிண்ட்ல இருந்து வர்ற ஆரஞ்சு ஒயரையும் சாம்பல் ஒயரையும் காயில் பக்கம் மாத்திச் செருகி, கூடவே பிளக் ஒயரையும் இடது வலது மாத்திடணும். ரெண்டையும் சேர்த்து மாத்தணும், ஒண்ணை மட்டும் மாத்தினா ஒரு சிலிண்டர் ஏறும்போது இன்னொண்ணு இறங்கற இந்த என்ஜின்ல பொறி தப்பான நேரத்துல விழும். இப்ப கோளாறு பக்கம் மாறிச்சுன்னா காயில் இல்லைன்னா ஒயர். மாறலைன்னா பாயிண்ட், கண்டென்சர் பக்கம் பாருங்க. பைசா செலவில்லாத சோதனை இது. நான் இதை எல்லா ஆர்.டி.க்காரங்களுக்கும் சொல்லிட்டே இருக்கேன்.

என் வண்டி 1985, ஃபரிதாபாத்ல எஸ்கார்ட்ஸ் போட்டது. காயிலோட வந்த ஒயர் காயிலுக்குள்ளேயே வார்த்து மூடியிருக்கு, திருகி எடுக்க வழியில்ல. இழுத்தா காயில் போச்சு. அதனால மொதல் வேலையா கேப்பைக் கழட்டி, முனையில ஒரு சென்டிமீட்டர் வெட்டிப் பார்த்தேன். உள்ளே தாமிரம் பளபளன்னு இருந்துச்சு. அதே ஒயர்ல புது கேப் மாட்டினதும் வலது சிலிண்டர் உயிர் வந்துருச்சு. ஒயர் முழுக்கவே காய்ஞ்சு போயிருந்தா காயில் பக்கம் ரெண்டு அங்குலம் விட்டு வெட்டி, ரெண்டு முனையிலயும் மரை இருக்கற பித்தளை ஜாயின்ட்டர் போட்டு, மேல ரப்பர் உறை ஏத்தலாம். நண்பர் ஒருத்தர் வண்டியில அப்படிப் போட்டு நல்லாவே ஓடுது. ஆனா அந்த ஜாயின்ட் ஃபிரேமை ஒட்டி வரக் கூடாது.

யெஸ்டி 250, சேலம்

நல்ல நேரத்தில் எழுதினீர்கள். ஏற்காடு ஏறும்போது பனிமூட்டத்தில் மட்டும் மிஸ் அடிக்கிறது, கீழே இறங்கி வெயில் பட்டால் சரியாகிவிடுகிறது. மைசூரில் செய்த இந்தப் பழைய வண்டிக்கு இப்போது அசல் காயில் தேடுவது பெரும்பாடு. ஒயர் மாற்றும்போது காயிலையும் மாற்றியே ஆக வேண்டுமா? இன்னொரு கேள்வி: பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடலாம் என்று யோசிக்கிறேன். அதற்கும் இதே ஒயர் ஆகுமா?

பி.எஸ்.ஏ. எம்20, சென்னை

இரண்டாம் உலகப் போருக்காக ராணுவத்துக்குச் செய்த வண்டி, 500 சிசி சைடு வால்வ். போர் முடியும் வரை 1,26,000 வண்டிகள் செய்தார்கள். இதில் பேட்டரியை நம்பிய காயிலே கிடையாது, லூகாஸ் மேக்டைனோ. அதாவது பொறிக்கான கரண்டைத் தானே உண்டாக்கும் மேக்னெட்டோவும், விளக்குக்கான டைனமோவும் சேர்ந்தது. ஒயர் போய்ச் சேரும் இடம் மேக்னெட்டோவின் பக்கவாட்டில் இருக்கும் பேக்கலைட் பிக்-அப், அதாவது உள்ளேயிருந்து கரண்டை எடுத்து ஒயருக்குத் தரும் பாகம்.

ஒயரைப் பிடித்து இழுத்தால் அது வராது. பிக்-அப்பைக் கழற்றி, உள்ளே இருக்கும் கார்பன் பிரஷ்ஷையும் ஸ்பிரிங்கையும் பத்திரமாக எடுத்துத் தனியே வையுங்கள். குழியின் அடியில் கூர்முனைத் திருகாணி ஒன்று தெரியும். அதைத் தளர்த்தினால் ஒயர் கழன்று வரும். புது ஒயரை முட்டும் வரை செருகி அதே திருகாணியை இறுக்கினால் தாமிரத்தில் குத்தி நிற்கும். இதிலும் தாமிர ஒயர்தான், 7 மில்லி மீட்டர்தான்.

பிக்-அப் கையில் இருக்கும்போதே இரண்டு வேலையை முடித்துவிடுங்கள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள், பென்சிலால் கிழித்த மாதிரி கருப்புக் கோடு இருந்தால் கரண்ட் அந்த வழியே போய்க்கொண்டிருக்கிறது, புது ஒயர் அதைக் காப்பாற்றாது. அடுத்து, பென்சில் முனையில் பெட்ரோல் நனைத்த மெல்லிய துணியைச் சுற்றித் துளை வழியே ஸ்லிப் ரிங்கில் (கார்பன் பிரஷ் உரசும் வளையத்தில்) வைத்துக்கொண்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தி என்ஜினைச் சுற்றுங்கள். வருகிற கருப்பைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். பெட்ரோல் நன்றாகக் காய்ந்த பிறகு மூடுங்கள்.

எல்லா வண்டிக்கும் பொருந்தும் ஒன்று: ஒயரை அந்தரத்தில் தொங்கவிட்டுக் கிக்கர் அடிக்காதீர்கள். பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டுமானால் பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பை, பிளக் துளையிலிருந்து தள்ளி, ஹெட்டில் அழுத்தி வையுங்கள். ஒயர் சும்மா தொங்கினால், வெளியே போக வழி கிடைக்காத வோல்டேஜ் காயிலுக்கோ மேக்னெட்டோவுக்கோ உள்ளே சுற்றியிருக்கும் கம்பியின் காப்பைத் துளைத்துவிடும். இந்தப் பழைய மேக்னெட்டோக்களுக்குக் கம்பி சுற்றத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஹொண்டா எம்.டி. 90, யாழ்ப்பாணம்

வாசிக்க எனக்கு அப்பாவின்ர நினைவுதான் வந்தது. தொண்ணூறுகளில எங்கட பக்கம் பெற்றோலுக்குத் தடை. கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள்ள விட்டு ஸ்ராட் பண்ணிப் போட்டு, பிறகு மண்ணெண்ணெயிலதான் ஓட்டம். பிளக்கில கரி பிடிச்சபடி இருக்கும். கரி பிடிச்ச பிளக்கைப் பத்த வைக்க நல்ல பொறி வேணும். ஒயரில கொஞ்சம் பிழை இருந்தாலும் மோட்டச்சைக்கிள் கிளம்பாது. உதிரிப்பாகமும் லேசில வராத காலம். அப்பா கேப்பைக் கழட்டி நுனியைத் துளி வெட்டித் திரும்ப முறுக்குவார். அப்பிடி வெட்டி வெட்டிக் கடைசியில ஒயர் பிளக்குக்கு எட்டாமல் போக, வேறொரு உடைஞ்ச மோட்டச்சைக்கிளில இருந்து ஒயரைக் கழட்டிக்கொண்டு வந்து போட்டவர். அந்த எம்.டி. 90 இப்பவும் வீட்டில நிக்குது. இனித்தான் அதுக்குப் புது ஒயர் போடப் போறன். 7 மில்லி மீற்றர் எண்டு சொன்னது நல்லதாப் போச்சு.

புல்லட் 350, திருச்சி

கோவைத் தம்பி சொன்ன மாற்றிச் செருகும் சோதனை அருமை. யாழ்ப்பாணத்து நண்பரே, ஒயர் வாங்கும்போது நீளம் தாராளமாக வாங்குங்கள். முனை கெட்டால் வெட்டிக்கொள்ள இடம் வேண்டும்.

சேலம் நண்பருக்கு: பனியில் மட்டும் மிஸ், வெயிலில் சரி என்றால் காயிலுக்குச் செலவழிக்க அவசரப்படாதீர்கள். காயில் போகிற வண்டி பெரும்பாலும் சூடேறிய பிறகு நிற்கும், ஆறினால் மறுபடி ஓடும். உங்களுடையது ஈரத்தில் வருகிறது. முதலில் ஒயர், கேப் இரண்டையும் மாற்றுங்கள். காயிலின் வாய்ப்பக்கத்தைத் துடைத்து விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கும் தாமிர ஒயர் ஆகும். ஆனால் அங்கே 5 கிலோ ஓம் கேப் கட்டாயம். பாயிண்ட் வண்டியில் ரெசிஸ்டர் இல்லாத கேப் போட்டால் பக்கத்து வீட்டு ரேடியோ இரையும், அவ்வளவுதான். எலெக்ட்ரானிக் பெட்டிக்கோ அந்த இரைச்சலே தவறான சமிக்ஞையாகப் போய், பொறி நேரம் தவறி விழும். உங்கள் கேப் எந்த வகை என்று மீட்டரில் பார்த்து அளவைப் போடுங்கள். காயிலில் ஒயர் நுழையும் இடத்தையும் பக்கத்திலிருந்து ஒரு ஃபோட்டோ எடுத்துப் போட்டால், திருகி எடுக்கிற வகையா, வார்த்து மூடிய வகையா என்று பார்த்துச் சொல்கிறேன்.